பாட்டுப் போடாமல் வந்த ஐந்து நாற்பது பஸ்

அந்த பஸ்ஸில் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தால், காதுக்கு முன்னால் முதுகுக்குத்தான் பாட்டு வந்து சேரும். சீட்டுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர். தபேலா விழும்போதெல்லாம் சீட்டுக் கம்பி லேசாக அதிரும். டீசல் வாசனை, மல்லிகைப்பூ வாசனை, முன் கண்ணாடிக்கு மேலே சிவப்பும் நீலமுமாக ஓடுகிற சின்னச் சின்ன பல்பு...

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் போகிற ஐந்து நாற்பது பஸ். பாட்டுக்காகவே பஸ் பார்த்து ஏறுகிற நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நான் அப்போது நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் டைப்பிஸ்ட். ஐந்து மணிக்கு ஆபீஸ் விடும். ஐந்தேகாலுக்கே ஒரு கவர்மெண்ட் பஸ் பாதி காலியாகப் போகும். ஏற மாட்டேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் பாட்டு பஸ்ஸுக்காக நிற்பார்கள். லேட்டாகப் போனால் அம்மா திட்டுவாள்.

"பாட்டுக் கேட்டா வயிறு ரொம்பிருமா?"

அப்பா திட்ட மாட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் நான் பாட்டுக் கேட்டேன்.

இருபது வருஷம் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் இடுப்பு ஒடிந்து, கட்டிலோடு இருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னைக்கு என்னென்ன பாட்டுப் போட்டான் சாமி?"

டிக்கெட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருப்பேன். அரை மணி நேரப் பயணத்தில் ஆறு பாட்டு. ஒவ்வொன்றிலும் முதல் வரியைப் பாடிக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இது ஹூப்ளி ரோட்ல, மழையில கேட்டது" என்பார். "அந்தச் சோகப் பாட்டுக்குப் பொறவு இதையா போட்டான்? பரவால்ல, டிரைவருக்கு ரசனை இருக்குது."

தலைமாட்டிலேயே ரேடியோ இருந்தது. அதில் கேட்டால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல நான் ஒருத்தன் கேக்கறேன். பஸ்ஸுல ஊரே கேக்குதில்ல சாமி" என்றார்.

இந்தக் கதையெல்லாம் கண்டக்டருக்கும் தெரியும். இறங்கும்போது, "கடைசிப் பாட்டை எழுதிட்டீங்களா அம்மணி?" என்று கேட்பார்.

அன்றைக்கு பஸ் வந்து நின்றபோது சத்தமே இல்லை...

மற்ற நாளில் அடித்துப் பிடித்தால்தான் சீட். அன்றைக்கு இரண்டாவது சீட்டில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. நல்ல நேரம்தான் என்று உட்கார்ந்தேன். டிக்கெட்டை வாங்கித் திருப்பி மடியில் வைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. ஊரையும் தாண்டிவிட்டது. பாட்டு வரவில்லை.

"ஏனுங்கண்ணா, பாட்டுப் போடலீங்களா?"

"செட்டு ரிப்பேருங்க அம்மணி." கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"காலையில நல்லாத்தானுங்களே பாடுச்சு? முன்னாடியே சொல்லியிருந்தா கவர்மெண்ட் பஸ்ஸுலயே போயிருப்பேன். ஊட்டுல அப்பா கேப்பாருங்க... நான் என்னத்தைச் சொல்றது?"

முன் சீட்டு ஆட்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அக்கா, முன்பின் பேசியதில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்டக்டர் படிக்கட்டுக்குப் போய் வெளியே பார்த்து நின்றுகொண்டார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் போகாமல் எங்கள் தெருமுனையிலேயே வண்டி நின்றது. கண்டக்டர் என் பையை வாங்கிக்கொண்டு கூடவே இறங்கினார். டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். தூரத்தில் எங்கள் வாசலில் பந்தல். ஆட்கள்.

அப்பா மூன்று மணிக்கே போய்விட்டார். செல்போன் வராத காலம். ஆபீஸ் போனும் கிடைக்கவில்லையாம். நாமக்கல்லுக்குப் போகிற அதே பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, "புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டு வந்துருங்க" என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் கண்டக்டர் காதோடு சொல்லிவிட்டார். செட்டுக்கு ஒரு கோளாறும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. பஸ் முழுக்கத் தெரிந்த விஷயம், பெற்ற மகளுக்குத் தெரியாது. பாட்டுக்காகப் பைத்தியக்காரி மாதிரி சண்டை போட்டிருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்... அதோடு அந்த பஸ்ஸை விட்டேன். ஐந்தேகால் கவர்மெண்ட் பஸ்தான். எதிரில் வந்தால் கண்டக்டர் தலையைக் குனிந்துகொள்வார். நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணம் ஆகி சேலம் வந்துவிட்டேன்.

இப்போது ஃபேர்லேண்ட்ஸில் வீடு. எந்தப் பாட்டு வேண்டுமானாலும் செல்லில் இருக்கிறது. காரில் போனால் மகள் காதில் ஒரு பாட்டு, வீட்டுக்காரர் காதில் ஒரு பாட்டு, என் காதில் ஒன்று. நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். அண்ணன் போன் பண்ணுவதற்கு முன்பே, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா போட்டோவும் கும்பிடுகிற கையும் வந்து விழுந்துவிட்டது. யார் முதலில் போட்டார்கள் என்றுகூட இன்னும் பார்க்கவில்லை. காரில் சேந்தமங்கலம் போய்ச் சேரும்வரை வழி முழுக்க அம்மா இல்லாதவளாகவே போனேன். ஒவ்வொரு கிலோமீட்டரும் கனத்தது.

அந்தக் காரில்தான் எனக்கு அந்த பஸ் புரிந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று கோபித்துக்கொண்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேனே... அந்த அரை மணி நேரத்தை அவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தெருமுனையில் இறங்கும்வரை எனக்கு அப்பா இருந்தார்.