பத்தாவது குழி

எங்கள் கடையிலிருக்கும் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டை நான் மூடுவதில்லை. உள்ளே உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சைப் பலகை தெரியும். அதில் பத்துக் குழிகள், குழிக்கொன்றாக நகத்தளவில் பத்து மெமரி கார்டுகள். ஒன்பது கார்டுகள் வெறும் கருப்பு. கடைசிக் குழியில் இருப்பதன் மேல் மட்டும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு உண்டு. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது இந்தப் பலகைதான். கடைக்கு வரும் படித்த பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது நல்ல எஸ்.எஸ்.டி. மலிவாகக் கிடைக்கிறதே, இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்து வைப்பேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

இந்தப் பலகையைப் பூட்டியவள் என் மைனி. எனக்கு நேர் மூத்த அண்ணனின் மனைவி. கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் சாலையோரத்தில் அப்பா விட்டுப்போன ஒற்றை அறையில் அண்ணன் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடை வைத்தான். தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணக் குறி என்கிற அழைப்பிதழ், அடக்க அறிவிப்பு, சபைப் பாட்டுத்தாள் எல்லாம் அடித்துக் கொடுத்தான். அவன் நெஞ்சுவலியில் போனதும் மைனி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்து காகிதம் அடுக்குவேன்.

எங்கள் இருவருக்கும் மேலே இருந்த மூத்த அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அறை இன்னும் பாகம் பிரிக்காதது. அதை ஒரு பேக்கரிக்காரருக்குக் கொடுக்க அவர் மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவருக்குத் தோதாகக் கம்ப்யூட்டரும் செத்தது. அந்தச் சாலையில் பாறைப்பொடி ஏற்றிய டிப்பர் லாரிகள் போகும்போது மேசை முதல் கூரை வரை குலுங்கும். சுழலுகிற ஹார்ட் டிஸ்க் அந்தக் குலுக்கலைத் தாங்காது. அண்ணன் காலத்தில் ஒன்று போயிருந்தது. மைனி பழையது ஒன்று வாங்கிப் போட்டாள், அதுவும் போனது. அன்றைக்குத்தான் மூத்த அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"மிசின் செத்துப்போச்சு, இனி என்னத்துக்குக் கடை? வீட்டுக்குப் போயி அடுப்பப் பாரு" என்றார்.

"அசனத்துக்குள்ள பாட்டுத்தாளு எனக்க கையிலயாக்கும் தந்திருக்கு. அதை அடிச்சுக் குடுக்காம நான் எங்கயும் போக மாட்டேன், அத்தான்."

அசனம் என்றால் எங்கள் சபையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் நாள். பாட்டுத்தாள் இல்லாமல் அது நடக்காது. "செரி. அசனத்துக்குத் தாளு வந்தா கடை உனக்கு. வரல்லேங்கி சாவி எனக்கு" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

சுழலாத சாதனம் வேண்டும் என்பதுதான் மைனியின் யோசனை. நல்ல எஸ்.எஸ்.டி. அன்றைக்கு எங்களுக்கு எட்டாத விலை. அவள் போனில் தேடித் தேடி, மெமரி கார்டுகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் ஆக்கும் இந்த வெறும் பலகையைக் கண்டுபிடித்துத் தருவித்தாள். இனி கார்டு வேண்டும், அதுவும் எல்லாம் ஒரே அளவில். "மக்கா, எல்லா வீட்டு மேசை இழுப்பிலயும் பழைய கார்டு சும்மா கிடக்கும். நீ போயி கேளு" என்றாள்.

எனக்கு ஒரு வீட்டுப் படியேறிக் கேட்பது என்றாலே கூச்சம். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். "எலே, ரப்பர் வெட்டுறவனுக்கு மெமரி கார்டு எதுக்குலே? பாலு அதிலயா சேத்து வைக்கப் போறே?" என்று ஒருவர் கேட்டார், வீடே சிரித்தது. தலை குனிந்து நின்றேன். ஆனாலும் போகவில்லை, நின்றேன். சிரித்து முடித்து அவரே உள்ளே போய் ஒன்று எடுத்துவந்தார். கடைசியாக மூத்த அண்ணன் வீட்டுக்கும் போனேன். விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பளபளக்கும் உறையோடு ஒரு கார்டைத் தூக்கிக் கொடுத்தார். "இது துபாய் சாதனமாக்கும். ஊரில கிடைக்கிற லொட்டு லொசுக்கு அல்ல."

மைனி ஒவ்வொரு கார்டையும் பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கும் பிள்ளையின் லேப்டாப்பில் போட்டு, வாய்வரை நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்துத்தான் சேர்த்தாள். துபாய் கார்டை மட்டும் சோதிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்ஃபிலிருந்து வந்ததைச் சோதிப்பது கொண்டுவந்தவரை அவமதிப்பது போல. சோப்பானாலும் டார்ச்சானாலும் அது நல்லதுதான். அந்த மரியாதையோடு அதைக் கடைசிக் குழியில் வைத்தோம்.

கம்ப்யூட்டர் எழும்பியது. டிப்பர் போனது, மேசை ஆடியது, திரை ஆடவில்லை. மைனி அன்றைக்குத்தான் அண்ணன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். தமிழ்ப் பாட்டுகளை அடித்து முடித்து மலையாளத்துக்குப் போனபோது திரை உறைந்தது. மறுபடி போட்டால் ஒன்றும் வரவில்லை. பத்துக் கார்டிலும் பிரித்துப் பிரித்து எழுதிவைப்பது அந்தப் பலகையின் முறை. ஒன்று கெட்டால் பத்தும் போச்சு.

அந்த நேரம் பார்த்து மூத்த அண்ணன் பேக்கரிக்காரருடன் உள்ளே வந்து நாடாவைச் சுவரோடு பிடித்து அளக்கத் தொடங்கினார். மைனி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி லேப்டாப்பில் போட்டாள். ஒன்பதும் சரியாக இருந்தன. பத்தாவதை நிரப்பும்போது கால்வாசிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்ப வரவில்லை. உறையில் போட்டிருந்த அளவு வெறும் அச்சு. போலி.

அவள் சொல்லத் தயங்கினாள். எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றும் தெரியாது.

"அண்ணா, சதிச்சது உங்க துபாய் கார்டாக்கும்" என்றேன்.

நாடா அவர் கையிலிருந்து சுருண்டு போய்ப் பேக்கரிக்காரரின் விரலில் அடித்தது. "அப்போ ஒம்பது வச்சு ஓட்டு" என்று அவர் கத்தினார். ஒன்பதில் இரண்டு மொழியும் படங்களும் கொள்ளாது. ஊரில் கிடைத்த மற்ற கார்டெல்லாம் சிறியவை.

மாதர் சங்கத்துக்குப் பாட்டுத்தாள் கேட்க வந்த மூத்த அண்ணனின் மனைவி, என் மூத்த மைனி, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தாள். தன் போனின் முதுகை நகத்தால் பெயர்த்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கால் நெம்பிக் கார்டை எடுத்தாள். மகளின் கார்டோடு மாறாமலிருக்க அதில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

"இந்தா பிள்ளே, அளவு செரியா பாரு."

"செரிதான் அக்கா. அழிச்சிருவேனே, உள்ள என்ன உண்டு?"

"இவரு சபை கொயர்ல பாடின பாட்டு. அழி, அழி. நேருல கேக்கியதே போதும்."

பேக்கரிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அவர் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

மைனி எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து மறுபடி அடித்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். அந்தப் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை, எனக்கும் அதை விட அனுமதியில்லை. அசனத்தன்று மூத்த அண்ணன் கையிலும் எங்கள் தாள் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பாடினார்.

போன மழைக்காலத்தில் மைனியும் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் மூத்த அண்ணன் கடைக்கு வந்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது, நின்ற இடம் மட்டும் அதே வாசல்.

"எலே, அவளும் போனா. இனி இந்தக் கடை முறி எதுக்கு?"

நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. அது மைனியின் நாற்காலி. கையை விசைப்பலகை மேலேயே வைத்துக்கொண்டேன்.

"அசனம் வருதில்லியா அண்ணா. பாட்டுத்தாளு அடிக்கணும்."

"நாலாம் கிளாஸ் படிச்ச நீயா?"

"நானாக்கும்."

ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவன் நான். அவருக்கும் அது தெரியும். அவர் குனிந்து திறந்த தகடு வழியாக உள்ளே பார்த்தார். கடைசிக் குழியில் மூத்த மைனி வைத்த சிவப்புப் பொட்டு இருந்தது. நிமிர்ந்தார், சாவியைக் கேட்கவில்லை. வெளியே டிப்பர் ஒன்று போனது. மேசை குலுங்கியது, கூரை குலுங்கியது, காகித அடுக்கு சரிந்தது. திரையில் நான் பாதி அடித்திருந்த பாட்டு அப்படியே நின்றது. அடுத்த எழுத்தைத் தேடி அழுத்தினேன்.