திருப்பிச் சொல்லப் பழகிய நாள்

பிள்ளைகளே, அப்பா பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அங்கை என்னப்பா படிப்பிச்சவை?" என்று கேட்டீர்கள். "சாப்பாடு நல்லம்" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

ஓல்டன் நகரில் கல்லூரி மாணவர் விடுதியைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட், அதாவது பராமரிப்பாளர், நான் என்பது உங்களுக்குத் தெரியும். பல்பு மாற்றுவது, குழாய் அடைப்பு எடுப்பது, அறைக் கதவுகளின் திறப்புக் கொடுத்து வாங்குவது, இதுதான் வேலை. அப்படிப்பட்ட என்னையும் மாணவர் நலப் பிரிவு ஊழியர்களின் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். படித்த ஆலோசகர்களோடு என்னை ஏன் இருத்துகிறார்கள்? எனக்குத் தெரிந்ததை வாயிலிருந்து பிடுங்கத்தான்.

தெரிந்த விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்தது. விடுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மாணவி இருந்தாள். வகுப்பு நடக்கும் காலை நேரத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பை ஒருவரும் கேட்பதில்லை. அவள் கேட்டாள். அடுத்த கிழமையும் கேட்டாள். கொண்டு போவது ஒரே போர்வைதான். அவள் வகுப்புக்குப் போவதில்லை என்று விளங்கிவிட்டது. படிப்பு நின்றால் அவளின் விசாவும் நின்றுவிடும். ஆகையால் நான் வாய் திறக்கவில்லை.

பயிற்சி நடந்த லுசேர்ணுக்கு ரயிலில் என்னோடு வந்தவர் கல்லூரிக் கன்டீனில் சமைக்கிற மன்னார் அண்ணை. அவருக்கும் அழைப்பு.

"சமைக்கிற ஆளுக்கு என்ன பயிற்சி அண்ணை?"

"ஆர் சாப்பிடாமல் திரியுதுகள் எண்டு முதல்லை காணுறது நானல்லோ. அதைச் சொல்லச் சொல்லுவினம் போல."

"ஆருக்கு?"

"அதைத்தானே பாக்கப் போறம்."

பயிற்சி தந்த பெண் எப்போதும் சிரித்த முகம். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. மாணவர் ஒருவர் கவலையோடு வந்தால் புத்தி சொல்லாதீர்கள், கேளுங்கள் என்றார். அவர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லி, "நான் சரியாக விளங்கிக்கொண்டேனா?" என்று கேளுங்கள் என்றார்.

நானும் அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில் எங்களைக் கேட்டவர்களும் இப்படித்தான் கதைத்தார்கள். நாங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்பார்கள். ஓம் என்போம். அடுத்த விசாரணையில் கதை கொஞ்சம் மாறினாலும் பொய் என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு இரண்டு பேராகப் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் தமிழிலேயே பழகினோம்.

"சொல்லுங்கோ அண்ணை, உங்களுக்கு என்ன கவலை?"

"என்ரை கவலை நீதான்ரா."

"அப்ப நான்தான் உங்கடை கவலை எண்டு சொல்லுறியள். சரியா விளங்கிக்கொண்டனோ?"

"அட, அவங்களை மாதிரியே கேக்கிறாய்! ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் குறை."

நாங்கள் சிரித்ததைப் பார்த்துப் பயிற்சி தந்த பெண் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பின்னேரம், உங்களை யோசிக்க வைத்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். பெயர் வேண்டாமாம். பெயர் வேண்டாம் என்று தொடங்குகிறவர்களிடம் நான் இன்னும் கவனமாக இருப்பேன். "எங்கள் விடுதியில் எல்லோரும் நல்ல பிள்ளைகள்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

கோப்பி இடைவேளையில் எங்கள் கல்லூரியின் பெண் ஆலோசகர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாய் திறக்க முதல் நானே கேட்டேன்: "உங்களிடம் ஒரு பிள்ளை சொல்வது குடிவரவு அலுவலகத்துக்குப் போகுமா?"

அவர் சொன்னார்: "என்னிடம் சொல்வது என்னோடுதான். ஆனால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் கல்லூரி அறிவிக்கும். அதை என்னால் நிறுத்த முடியாது. அதற்கு முதல் வந்தால், சுகயீன விடுப்புக் கேட்டுப் பார்க்கலாம்." பிறகு, "யாராவது இருக்கிறார்களா?" என்றார்.

"இல்லை."

அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை முழுதாக நம்பவில்லை. என்றாலும் முடியாததை முடியாது என்று சொன்னது மனதில் நின்றது.

அடுத்த நாள் காலை அவள் திறப்புக் கேட்டு என் அலுவலக அறைக்கு வந்தாள். "இருங்கோ பிள்ளை" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கக் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"வகுப்புக்குப் போறேல்லையோ?"

"காலைல எந்திரிக்கவே முடியல அங்கிள். எந்திரிச்சாலும் எதுக்குன்னு இருக்கு."

நான் முதல் நாள் படித்ததை அப்படியே செய்தேன். "காலமை எழும்ப ஏலாமல் கிடக்கு. எழும்பினாலும் ஏன் எண்டு இருக்கு. நான் சரியா விளங்கிக்கொண்டனோ?"

அவள் முகம் இறுகிவிட்டது. "நான் சொன்னதையே எதுக்குத் திருப்பிச் சொல்றீங்க? யாரு கேக்கச் சொன்னாங்க?"

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். விசாரணை அறையில் கேள்வி கேட்டவர்களை நான் பார்த்த பார்வை அது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்று எங்களுக்குப் பயிற்சி வைச்சவை. அதிலை இப்பிடிக் கேக்கப் பழக்கினவை."

"என்னப் பத்தி அங்க பேசினீங்களா?"

"இல்லை. எல்லாரும் நல்ல பிள்ளையள் எண்டு சொன்னன்."

"நெஜமாவா?"

"ஓம்."

ஆலோசகர் சொன்னதில் நல்லதையும் கெட்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். "நீங்கள் போறதெண்டால் அவவின்ரை அறை வாசல் மட்டும் நானும் வாறன். உள்ளுக்கு வரமாட்டன்" என்றேன்.

திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினாள். கதவடியில் திரும்பி, "வாசல் வரைக்கும் மட்டும்தானே?" என்றாள்.

"வாசல் மட்டும்தான்."

"நாளைக்கு வர்றேன்."

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவள் இருந்த கதிரையில் இருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்க்க, நான் வழமையாக இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வாசல் கமராவின் திரை தெரிந்தது. யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்று படம் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பு நேரத்தில் வெளியே போகாத ஆள் யார் என்பதும் அதில் தெரியும்தான். நான் கேள்வி கேட்டபோது அவளும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

எழும்பிப் போய் அந்தத் திரையை யன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.