டாக்டர் என்னை அளவெடுத்தார்

என்னைச் சவப்பெட்டிக்குள் வைப்பதற்காக டாக்டர் அளவெடுத்தார் என்று இரண்டு மாதம் நான் நம்பியிருந்தேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். செத்தால் எரிப்பார்கள். உனக்குப் பெட்டி எதற்கு என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடக் கேட்டிருக்கும். ஐம்பத்திரண்டு வயதில், திருவனந்தபுரத்தில் சொந்தக் கடை நடத்துகிற எனக்கு அது தோன்றவில்லை.

கடை என்றால் ஜன்னல் திரைத் துணிக் கடை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கல்லாவரைக்கும் கேட்கும். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷமாக ஊரார் ஜன்னல்களை அளந்து வயிறு வளர்க்கிறேன். அந்தத் திமிரில்தான் அவ்வளவு உறுதியாக நம்பினேன். எதையாவது செய்கிற உத்தேசம் இல்லாமல் எவனும் டேப்பைக் கையில் எடுக்கமாட்டான். எங்கள் தொழிலில் இது வேதவாக்கு.

டாக்டர் தமிழ்ச் சபைக் கிறிஸ்தவர். எழுபது தாண்டியவர். வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்த்தார். நெஞ்சுவலி என்று பத்து வருஷம் அவரிடம் போனேன். என் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று பத்து வருஷமும் அவர் சொன்னார். மாத்திரை எழுத மட்டும் அவருக்குக் கை வராது. குழலை வைத்துக் கேட்பார். கண்ணை மூடி அரை நிமிஷம் ஜெபம் செய்வார். பிறகு, "வாயு. பரோட்டாவ நிறுத்து தம்பி" என்பார். சர்வ வல்லமை உள்ளவரோடு கலந்து பேசிவிட்டு இதைத்தானா கொண்டு வந்தீர் என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

குடும்பப் பைத்தியம் வேறு. மத்தியானம் ஒரு மணி அடித்தால் மந்திரியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் கதவு திறக்காது. டாக்டரம்மாவோடு சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிநாட்டிலிருந்து மகன்கள் கூப்பிடுவார்கள். நாங்கள் பெஞ்சில் இருமிக்கொண்டிருக்க, இவர் உள்ளே பேத்திக்குப் போனில் பாட்டுப் பாடுவார். பெண்டாட்டிதாசன் என்று பெஞ்சில் பேசிக்கொள்வோம். சொன்னவர்களில் நான் முதல் ஆள். மகன்கள் இரண்டு பேர். மூத்தவன் கமுகு மரம். இளையவன் அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டான்.

இதெல்லாம் போதாது என்று ஒரு கதையும் வைத்திருந்தார். அவருடைய அப்பா பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில் கம்பவுண்டர். அவரை அடக்கம் செய்தது மலையடிவாரத்து வித்துராவில், வண்டி ஏறாத மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில். மழை. தூக்கினவர்களில் ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை. பெட்டி சாய்ந்து சாய்ந்து போயிருக்கிறது. அப்போது வாலிபனான நம் டாக்டர் பெட்டிக்கு அடியில். பக்கத்தில் தனியாக நடந்து வந்த அவருடைய அம்மா வழுக்கி விழுந்துவிட்டார்.

"கண்ணால பாக்கேன் தம்பி. கையை எடுக்க முடியல்ல. எடுத்தா அப்பா விழுவாரு."

இடுப்பு எலும்பு முறிந்த அந்தம்மா கடைசிவரை கம்பு ஊன்றித்தான் நடந்தாராம். இந்தக் கதையை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஓணம் முடிந்த வாரம் வழக்கம்போல நெஞ்சைத் தடவிக்கொண்டு போனேன். டாக்டர் குழலைத் தொடவே இல்லை.

"செருப்பைக் கழற்றிட்டுச் சுவரைப் பாத்து நில்லு."

நின்றேன். மேஜை இழுப்பறையிலிருந்து டாக்டரம்மாவின் தையல் டேப்பை எடுத்தார். குனிந்து, நுனியை என் குதிகாலால் மிதிக்கச் சொன்னார். மேலே இழுத்தார். எழுந்து நிற்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்காக வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"கனம் தூக்குவியா?"

"கர்ட்டன் கம்பிக் கட்டு தூக்குவேன் டாக்டர்."

"எந்தத் தோள்ல?"

"இடது."

"நல்லது" என்று பைபிளுக்குள் இருந்த ஒரு தாளில் எழுதினார். பிறகு ஜெபம். அரை நிமிஷம் இல்லை, நாலு நிமிஷம். கடிகாரம் பார்த்தே பழகினவனாச்சே, சரியாகச் சொல்வேன். கண் திறந்தபோது ஈரமாக இருந்தது.

"டாக்டர், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. உனக்கு ஒரு சீக்கும் கிடையாது. இந்த நெஞ்சுவலிக்கு இனி இங்க வராண்டாம். கர்த்தருக்குச் சித்தமானா கிறிஸ்துமஸுக்குப் பாப்போம்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்னை அளவெடுத்துட்டாரு."

"எதுக்கு?"

"பெட்டிக்கு."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "நம்மள எரிக்கத்தானே செய்வாங்க? பெட்டி எதுக்கு?"

"அவர் வழக்கத்துல மறந்து..."

"பத்து வருஷமா இந்த நெத்தியப் பாத்துட்டு மறந்துட்டாராக்கும்? சரி, நல்ல பலகையில செய்யச் சொல்லுங்க. பொறவு போர்வை போட்டு வைக்க ஆகும்."

இப்படிப்பட்டவளோடு முப்பது வருஷம். நான் பிள்ளையாரிடம் போனேன். பதினொரு தேங்காய் உடைத்தேன். இரண்டு உடையாமல் உருண்டு ஓடின. அதையும் சகுனக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அடுத்து, பதினாறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லி அழுதேன். சாகப் போகிறவனுக்குத் தாராளத்தில் என்ன செலவு? நான் சாகாததால் அவன் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறான். மீன் தலை அவனுக்குத்தான்.

கட்டிலில் மல்லாந்து கையை நெஞ்சில் கோத்துப் படுத்துப் பார்த்தேன். முழங்கை இடிக்காத அகலம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஃபிரில் வெச்சுத் தைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை. வராதே என்று அவரே சொல்லிவிட்டாரே. கோழைக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஒருநாள் ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போனேன். முன்னறை பூட்டியிருந்தது. பெஞ்சைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். என் சாவைப் பார்க்கச் சகிக்காமல் மனிதர் வைத்தியத்தையே விட்டுவிட்டார் என்று நினைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினேன். அன்றைக்கு அவர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்கும்போது டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அவரு போயிட்டாரு தம்பி. கணையத்துல புற்று. உங்கள அளந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும். நாளைக்குக் காலைல வித்துரா சர்ச்சுக்கு வந்திருங்க. உங்க பேர எழுதி வெச்சிருக்காரு. இடது பக்கம், நடுவுல."

போனை வைத்தபோது என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். 'அப்பாடா, நான் இல்லை.' இதுதான் எழுந்தது.

சர்ச்சில் பேச்சுகள் நடந்தன. ஏழைகளின் கலங்கரை விளக்கம் என்று ஒருவர் இருபது நிமிஷம் முழங்கினார். பெஞ்சில் எப்போதும் வரிசையை முறித்து உள்ளே நுழைகிற ஆசாமி அவர். உறவினர் இருவர் மகன்களின் தோளைத் தட்டி, பிள்ளைகள் தூக்காமல் வேற்றாள் தூக்குவதா என்று முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா பைபிளிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். கடைசி வரியை அவர்கள் சத்தமாகவே படித்தார்கள்: "பையன்கள் பெட்டியைத் தொட வேண்டாம். அம்மாவைப் பிடித்துக்கொண்டால் போதும்."

ஆறு பேர் வரிசையில் நின்றோம். எல்லாரும் பெஞ்சில் பார்த்த முகங்கள். எனக்கு முன்னால் நின்ற பஸ் கண்டக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"உங்களையும் அளந்தாரா அண்ணாச்சி? எனக்குச் சட்டை தைக்கப் போறாருன்னுல்லா நெனச்சேன்."

டேப்பில் பிழைக்கிற நான் அப்போதுதான் யோசித்தேன். பெட்டிக்கு அளப்பவன் உச்சந்தலைவரை அளப்பான். டாக்டரின் விரல் என் தோளோடு நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்றரை அங்குலம் என்று தாளில் இருந்தது. ஆறு பெயருக்கும் எதிரே கிட்டத்தட்ட அதே எண்தான்.

தூக்கினோம். பெட்டி ஒரு பக்கமும் சாயவில்லை. அதே கல்லறை மேட்டில் பாதி ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. செம்மண் வழுக்கியது. கழுத்தைத் திருப்ப முடிந்த அளவு திருப்பிப் பார்த்தேன். கமுகு மரம் அம்மாவின் வலது கையைப் பிடித்திருந்தான். இளையவன் இடது கையை. இரண்டு இடத்தில் அவருக்குக் கால் சறுக்கியது.

டாக்டரம்மா விழவில்லை.