புகையிலை டப்பாவின் மூடி

என் தம்பி லியாண்டர் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நான் அவனைவிட ஒரு வகுப்பு கூடப் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் கூப்பர் குடாவில் படகு இன்ஜின் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவன் பெயர் வராமல் இருக்காது.

எங்கள் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் பின்னால் போக கியர் கிடையாது. சுவிட்சை அணைத்துவிட்டு, கனத்த சக்கரம் சுற்றி ஓயப்போகும் நேரத்தில் மறுபடி போட வேண்டும். மின்பொறி சரியான இடத்தில் விழுந்தால் சக்கரம் உதைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சுற்றும். படகு பின்வாங்கும். நாங்களெல்லாம் பாதி நாள், படகு கட்டி மீன் இறக்கும் மர மேடையில் போய் முட்டுகிறவர்கள். அவன் முட்டி நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவனுடைய இன்ஜினுக்கே அந்தக் கோடையில் நோய் வந்தது. காலையில் நன்றாகக் கிளம்பும். சூடேறியதும் பொறி தாமதமாக விழும். இரண்டு அடி ஒழுங்காக அடித்து, மூன்றாவதில் இருமும். சிலிண்டர் கொதிக்கும், இழுவை குறையும்.

பக்கத்து மேடைக்காரர் எசாவுக்கு நல்ல தீனி கிடைத்தது. "என்னடா லியாண்டர், ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற, உன் வீட்டு நோயாளி இப்படி இருமுது?"

"இருமுனா உசிரு இருக்குன்னு அர்த்தம், பெருசு. உன்னுது ரெண்டு நாளா மூச்சே விடலையே."

வெளியே சிரிப்பான். உள்ளுக்குள் அது அவனை அரித்தது. பேட்டரியை மாற்றினான். பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை என் படகிலிருந்து கழற்றிப் போட்டுப் பார்த்தான். தண்ணீர் கலந்திருக்குமோ என்று பெட்ரோலைத் தன் பழைய தொப்பியில் வடிகட்டினான். எதுவுமில்லை. அந்த இன்ஜினில் சிலிண்டருக்குள் இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு கம்பி அவற்றைப் பிரிக்கிற நேரத்தில்தான் பொறி பறக்கும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, முனைகள் பிரியும் 'க்ளிக்' எங்கே கேட்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்தான். ஆறியிருந்தபோது க்ளிக் சரியான இடத்தில் வந்தது. சூட்டில் தள்ளிப்போயிற்று.

"நெம்புகோலைக் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சுக்கயேன். பொறி சீக்கிரம் விழும்ல?" என்றேன்.

"காலையில கிளப்புறதுக்குக் கையால சக்கரத்தைச் சுத்தும்போது திருப்பி உதைச்சு மணிக்கட்டை ஒடிக்கும்ணே. அது நோயை மறைக்கிறது. எங்கயோ ஒண்ணு தளருது. எங்கன்னுதான் பிடிபடல."

அவன் மனைவி டல்சி தேநீரோடு வந்து நின்றாள். "அதுகிட்டப் பேசுறதுல பாதி என்கிட்டப் பேசுனாப் போதும்" என்றாள்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் இன்ஜின் சத்தம் தெரியும். அது தூரத்தில் கேட்டதும் கெட்டில் அடுப்பில் ஏறும். பனிமூட்டம் என்றால் வீட்டிலிருந்து ஒருவர் கடலுக்குள் நீளும் நிலமுனைக்குப் போய், தங்கள் இன்ஜின் கேட்டதும் தகரத்தைத் தட்டி வழிகாட்ட வேண்டும். தங்கள் இன்ஜினுக்கு மட்டும்தான். பாறைத்திட்டுக்கு அந்தப்பக்கம் நீர்நாய்க் குடா இருக்கிறது. அந்த ஊர்ப் படகு எங்கள் தகரத்தை நம்பித் திரும்பினால் நேராகப் பாறைதான். ஆகவே அந்நியச் சத்தம் கேட்டால் கையை அசைக்காமல் நிற்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கியது. நான் மீன் கொடுக்க வியாபாரியின் துறைக்குப் போயிருந்தேன். மறுநாள் நான் திரும்பியபோது லியாண்டரை வீட்டுக்குள் கிடத்தியிருந்தார்கள். நிலமுனைக்கு எதிரே பாறைத்திட்டில் படகு பிளந்து கிடந்தது.

டல்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ரொட்டித் தட்டும் கரண்டியுமா மூட்டம் இறங்குனதுலேருந்து நின்னேன், ஹெட்லிண்ணே. அந்த இருமல் கேக்கவே இல்ல. நீர்நாய்க் குடாப் படகு ஒண்ணு மட்டும் போச்சு, சுத்தமா அடிச்சுக்கிட்டு. அதுக்கு எப்படித் தட்டுவேன்?"

"உன்மேல தப்பில்லம்மா. இன்ஜின் நின்னுருக்கும், நீரோட்டம் இழுத்துருக்கும்" என்றார் எசாவ். ஊரும் அதையே சொன்னது.

எனக்கு அது பொறுக்கவில்லை. என் தம்பியின் இன்ஜின் அவனைக் கைவிட்டது என்று கல்லறைமேட்டில் நின்றுகூடப் பேசினார்கள். கடல்நீர் வற்றியபோது அதை என் கொட்டகைக்குத் தூக்கி வந்தேன். நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கித்தான்மேல் வரிசையாக வைத்தேன். முனைகளைப் பிரிக்கும் கம்பியின் ஆணித்துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. சூட்டில் தளர்ந்தது அதுதான். அந்த ஆணியைச் சுற்றி மெல்லிய தகரம் ஒன்று, சட்டைக் கழுத்துப்போல அவ்வளவு கச்சிதமாகச் சுற்றியிருந்தது. அதன்மேல் சிவப்புச் சாயம்.

அவன் சட்டைப்பையில் இருந்த புகையிலை டப்பாவை டல்சி அலமாரியில் வைத்திருந்தாள். போய்ப் பார்த்தேன். சிவப்பு மூடியில் ஒரு பட்டை வெட்டப்பட்டிருந்தது.

முந்தின நாள்வரை இருமிய இன்ஜின். அன்றுதான், நடுக்கடலில், ஆடுகிற படகில், கத்தியால் வெட்டிச் சரிசெய்திருக்கிறான். ஊர் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. எல்லாவற்றையும் பூட்டி, குளிர்விக்கும் குழாயைத் தண்ணீர் வாளியில் விட்டு, ஒரு குவளை பெட்ரோல் ஊற்றினேன். எசாவின் மேடைவரை கேட்கட்டும் என்று கதவை அகலத் திறந்துவைத்துச் சக்கரத்தைச் சுழற்றினேன்.

பிடித்தது. சூடேறும்வரை காத்திருந்தேன். இருமவில்லை. ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்தில் விழுந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. டல்சி. கையெல்லாம் மாவு. ஓடிவந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, இன்ஜினையே பார்த்தாள்.

"இதுதான்" என்றாள். "அன்னிக்குப் போச்சே, நீர்நாய்க் குடாப் படகுன்னு நெனச்சது... இது."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"நிறுத்தாதீங்க."

மீன் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மாவுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நானும் நின்று கேட்டேன். பெட்ரோல் தீரும்வரை ஓடியது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.