கம்பெனி போடுகிற ஃபில்டர்

வினோலியாவோடு வேலை செய்கிறவனுக்குக் காது இரண்டும் இரும்பில் இருக்க வேண்டும். பாரம் ஏற்றும்போது கேள்வி, இறக்கும்போது கேள்வி. நடுவில் டீக்கடையில் நிறுத்தினால் மாஸ்டரிடம் கேள்வி. காலையில் போடும் முதல் டீ மட்டும் ஏன் கசக்கிறது என்று ஒருநாள் ஆரம்பித்தாள். அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் என் டீ ஆறிப்போனது. நான் பழனிவேல், அவள் பிக்கப்பில் லோடுமேன். வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிற ஆள். எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டது என் நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழில் வீடு மாற்றுவது. நெய்வேலி டவுன்ஷிப்பில் மாதாமாதம் யாராவது ரிட்டயர் ஆவார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கட்டில், பீரோ, செம்பருத்தித் தொட்டி வரை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார்கள். அந்த ஊர் தஞ்சாவூராகவும் இருக்கும், தென்காசியாகவும் இருக்கும். மந்தாரக்குப்பத்தில் பிக்கப் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்றாலும், தூரம் என்றால் வினோலியாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஓட்டினால் பீரோ கண்ணாடியில் கீறல் விழாது.

வண்டி வாங்குவதற்கு முன் பதினோரு வருஷம் நிலக்கரிக் கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். அதை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவள் தெருவே சிரித்தது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆனால் வண்டி நின்றால் அவளும் துடைப்பத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நின்றும் பார்த்துவிட்டது. போன தை மாதம் எஞ்சினிலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. மெக்கானிக் செங்குட்டுவன் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஆயில் ஃபில்டர் உள்ளே கிழிந்து, சுத்தம் செய்யாத ஆயில் அப்படியே போய் பேரிங்கை அரித்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, “இதான் கடைசி. இன்னொரு தபா ஆயில் கோளாறு வந்துச்சின்னா இந்த எஞ்சின இரும்புக்குத்தான் போடணும்” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஃபில்டர் ஆராய்ச்சி. வேறு பெண்ணாக இருந்தால் நல்ல கடையாகப் பார்த்து வாங்கியிருப்பாள். இவள் செங்குட்டுவனின் பட்டறை மூலையில் கிடந்த பழைய ஃபில்டர்களை எல்லாம் கோணியில் அள்ளிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்தாள். மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தைப் பிரித்துத் துணி காயப்போடும் கயிற்றில் மாட்டினாள். பக்கத்து வீட்டு அகிலா எட்டிப் பார்த்து, “என்னாக்கா, ஸ்டார் செய்றியா? கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்குதே” என்று கேட்டாள்.

எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி டப்பா. உள்ளே ஒன்றில் காகிதம் கெட்டியாக, நெருக்கமாக இருந்தது. இன்னொன்றில் பேருக்கு நாலு மடிப்பு, ஓரத்தில் பசையே இல்லை. அடியில் வட்டமாக ஒரு ரப்பர். வண்டி நின்றபிறகு ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதானாம். ஒரு டப்பாவில் அது அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“பாருங்கண்ணே, இது நொறுங்கிச்சின்னா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின்ல ஆயிலே இருக்காது. கொஞ்ச நேரம் காஞ்சிகினே ஓடும்” என்றாள். அன்று இரவு எனக்கு அந்த ரப்பர்தான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த வியாதி ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

அறுத்துப் பார்த்தால் பழையது தெரியும். புதிதை எப்படி நம்புவது? கடைக்காரர் ஒரு பெயர் சொன்னார், செங்குட்டுவன் வேறொரு பெயர் சொன்னார், ஆட்டோ ஸ்டாண்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். இவளும் எல்லோரையும் குடைந்துகொண்டே இருந்தாள். ஏன் நல்லது, யார் சொன்னது, நீங்கள் பார்த்தீர்களா? பாதிப் பேர் அவளைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜேந்திரன் சார் வீட்டு லோடு வந்தது. டவுன்ஷிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டயர் ஆனவர். மணப்பாறைக்குப் போக வேண்டும். சாமான்களைப் பார்க்கப் போன இடத்திலும் இவள் ஃபில்டர் பேச்சை எடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே, “இதுக்கா இவ்ளோ அலைச்சல்? கம்பெனி வண்டிக்கு எதைப் போடறாங்களோ அதையே போடும்மா. டெஸ்ட் பண்ணாம எதையும் உள்ள விடமாட்டாங்க” என்றார். தெரிந்தவரிடம் கேட்டு, அந்த ஃபில்டரின் போட்டோவையும் போனில் வாங்கிக் கொடுத்தார்.

நெய்வேலியில் ‘கம்பெனி’ என்கிற சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது. கம்பெனி தண்ணீர், கம்பெனி கரண்ட், கம்பெனி ஆஸ்பத்திரி. வினோலியா தலையை ஆட்டினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பாடா என்று எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

பண்ருட்டி மொத்தக் கடையில் போட்டோவைக் காட்டினாள். கடைக்காரர், “எந்த வண்டிக்கும்மா?” என்று ஆரம்பித்தார். “கம்பெனில போடறதுங்க” என்றாள். அவரும் மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பழையதைவிடப் பெரிது, கையில் வாங்கினால் நல்ல கனம். திருகு மரை கச்சிதமாக ஏறியது. அவளே முறுக்கி, அவளே ஸ்டார்ட் செய்து பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கழற்றிய ஃபில்டரை, பிறகு அறுத்துப் பார்க்க வேண்டும் என்று, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் லோடு ஏற்றிப் புறப்பட்டோம். ராஜேந்திரன் சார் எங்களோடு முன்சீட்டில். விருத்தாசலம் தாண்டி, பெண்ணாடம் போகும் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தோம். திடீரென்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் வினோலியா எஞ்சினை அணைத்துவிட்டாள். வண்டி தானாக உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. பின்னால் பார்த்தால் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “மாதாவே” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனாள்.  எனக்கு செங்குட்டுவன் சொன்ன இரும்புக்கடைதான் கண்முன் நின்றது.

ஃபில்டரைத் திருகிக் கழற்றினாள். பிறகு, “அண்ணே, சீட்டுக்கு அடியில இருக்கறத எடுத்துக் குடுங்க” என்றாள். ஃபில்டரைக் கொடுத்தேன். கழற்றிய புதிதையும் அதையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாயை வாயோடு சேர்த்துக் காட்டினாள். திருகு மரை இரண்டுக்கும் ஒன்று. ஆனால் புதியதன் ரப்பர் வளையம் அகலம். எஞ்சினில் அது உட்கார வேண்டிய பட்டையில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது, மீதி விளிம்புக்கு வெளியே. மெதுவாக ஓடியவரை தாக்குப்பிடித்தது. வேகம் எடுத்ததும் ஆயில் அழுத்தி ஒரு பக்கம் பிதுக்கித் தள்ளிவிட்டது.

“ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான். இந்த எஞ்சினுக்கு இல்ல” என்றாள். அப்புறம் ராஜேந்திரன் சார் பக்கம் திரும்பினாள். “சார், கம்பெனில இத எந்த வண்டிக்குப் போடுவாங்க?”

அவர் மரத்தடியில் குற்றவாளி மாதிரி நின்றார். “அது... பெரிய வண்டியா இருக்கும்மா. எனக்குச் சரியாத் தெரியாது. நான் வாட்டர் சப்ளைல இருந்தேன்.”

எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்தது. வாய் வரை வந்துவிட்டது. வினோலியா முந்திக்கொண்டாள். “சார் மேல ஒண்ணும் இல்லண்ணே. டீக்கடைல கூட ஏன் ஏன்னு கேக்கறவ நானு. இத ஒண்ணு மட்டும் கேக்கல. பதினோரு வருஷம் கம்பெனி சொல்லுதுன்னா தலைய ஆட்டினேன். இன்னமும் ஆட்டிகினு இருக்கேன்.” அவளுக்குத் தன்மேலேயே கோபம். ஃபில்டரைப் போட்டு உடைப்பாளோ என்று பயந்தேன்.

என்னை விருத்தாசலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். கையில் அளவுக்குப் பழைய ஃபில்டர்; அழுக்கேறிய அதையே திரும்ப மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கடையில் பெயரைக் கேட்காதீர்கள், வண்டி மாடலைச் சொல்லுங்கள், வளையத்தோடு வளையத்தை வைத்துப் பாருங்கள், உள் ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள் என்று பஸ் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கடையில் மூன்று ஃபில்டர் காட்டினார்கள். நான் மூன்றையும் வளையத்தோடு வளையம் வைத்து, உள்ளே விரலை விட்டு அழுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். “என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க” என்றார் கடைக்காரர். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஒன்றில் ரப்பர் விறைப்பாக இருந்தது, தள்ளிவைத்தேன். இன்னொன்றின் வளையம் மயிரிழை சிறிது. மிச்சம் இருந்ததை வாங்கிக்கொண்டு, ஆயில் கேனையும் சுமந்து திரும்பினேன்.

அவள் அதை வாங்கி, நான் செய்ததையெல்லாம் மறுபடியும் செய்து பார்த்தாள். கோபம் வரவில்லை எனக்கு. மாட்டினாள், ஆயில் ஊற்றினாள், சாவியில் கை வைத்தாள். ஆனால் திருப்பவில்லை. விளக்கு வருவதற்கு முன் எஞ்சின் எவ்வளவு நேரம் ஆயில் இல்லாமல் ஓடியது என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. அது தட்டினால் எல்லாம் முடிந்தது.

திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, எரிந்துகொண்டே இருந்தது, பிறகு அணைந்தது. நான் மூச்சு விட்டேன். அவள் அதையும் நம்பவில்லை. எஞ்சின் ஓட ஓடவே இறங்கி, கிழிந்த வெள்ளை வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு அடியில் போய், ஃபில்டரைச் சுற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தட்டுகிற சத்தம் வருகிறதா என்று நானும் பானெட்டில் காதை வைத்துக் கேட்டேன். ராஜேந்திரன் சாரும் வந்து இன்னொரு பக்கம் காதை வைத்தார்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி, கண்ணில் தண்ணீர். துணியை விரித்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

“நாளைக்கு நமக்கு வேல இருக்குண்ணே” என்றாள்.

 கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.