இல்லாத சாயக்கூடத்தின் முதலாளி

சுகாசினி அக்கா ஒரு கம்பெனி நடத்துகிறார். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், நாலு அண்டா, என் அம்மாவோடு சேர்த்து ஆறு பேர். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை. வங்கிக் கடனுக்காக ஆடிட்டர் சொன்னார் என்று அக்காவும், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவர் கணவர் சிட்டிபாபு அண்ணனும் டைரக்டர்கள் ஆனார்கள். அவர்களுடைய போர்டு மீட்டிங்கைப் பார்த்திருக்கிறேன். சோறு வெந்ததா என்பதில் தொடங்கி அதிலேயே முடியும்.

பதினைந்து வயதில் இன்னொருவர் கூடத்தில் தண்ணீர் தூக்க வந்தவர் அக்கா. இன்று ஒரு கிழிந்த முந்தானைத் துண்டைக் காட்டினால் போதும், வெயிலில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அதே நிறத்தில் நூலைத் தொங்கவிட்டுவிடுவார். தராசு, அளவுக் கரண்டி எதுவும் கிடையாது.

போன தை மாசம், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய கட்டடம் எழும்பியது. பொன்மகிழ் சில்க்ஸ் என்ற கம்பெனியின் சாயக்கூடம். பாதிச் செலவு அரசு மானியம். அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு விதி: மூன்று கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே பட்டுச் சாயக்கூடம் இருந்தால், அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மானியம் தர வேண்டும். தகவல் அறியும் உரிமையில் அக்கா வாங்கிய ஒப்புதல் தாளில், “மேற்படி தூரத்துக்குள் சாயக்கூடம் எதுவும் இல்லை” என்று இருந்தது. அக்கா அதை மூன்று முறை படித்தார். அப்போது முழங்கை வரை அவருக்கு மயில்கழுத்து நிறம்.

“குடுக்கட்டும்பா, வேணாம்னு யாரு சொன்னா. இங்க யாருமே இல்லன்னு எழுதிட்டுக் குடுக்கலாமா?” என்றார்.

மானியத்தில் கட்டியவர்கள் பாதி விலைக்குச் சாயம் போட்டால் எங்கள் அண்டா ஆறு மாசம் தாங்காது. என் அம்மாவுக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கு எந்தத் தொழிலும் தெரியாது.

சென்னையில் இளவரசி என்ற வக்கீலைப் பிடித்து, கம்பெனி பெயரில் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார் அக்கா. எதிர்த்தரப்பு வக்கீல் சாயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இந்தக் கம்பெனிக்கு வழக்குப் போடவே உரிமை இல்லை என்றார். இவர்கள் மானியம் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் இல்லை, பக்கத்துக் கடைக்காரர் மேல் பொறாமை, அவ்வளவுதான் என்றார். வெறும் தொழில் போட்டி என்றால் அவர் சொல்வதுதான் சரி என்றார் நீதிபதி. ஆனால் விதி யாரைக் கேட்கச் சொல்கிறதோ அது நீங்கள்தான் என்றால் கதை வேறு என்றும் சொன்னார். அந்த இடத்தில் பட்டுக்குச் சாயம் போடுவது இந்தக் கம்பெனிதான் என்று காட்ட இரண்டு வாரம் கொடுத்தார்.

இதில்தான் மாட்டிக்கொண்டோம். தபால்காரருக்கு வீடுதான் தெரியும் என்று, கம்பெனியின் எல்லாக் காகிதத்திலும் சின்ன காஞ்சிபுரத்து வீட்டு முகவரி. அந்த வீட்டில் இருப்பது ஒரு தையல் மிஷினும் ஒரு பூனையும். கூடத்தின் கரன்ட் பில் அக்காவின் மாமனார் பெயரில். எந்த நூல் யாருடையது என்பதற்குச் சீட்டுக்கூடக் கிடையாது, கொதிக்கிற அண்டாவில் காகிதம் நிற்காது. கழி என்கிற நூல் கட்டில் ஒரு பருத்திக் கயிறு கட்டி, நூல் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் இத்தனை முடிச்சு என்று போடுவார்கள். பட்டுச் சாயம் பருத்தியில் சரியாகப் பிடிக்காது. அதனால் முடிச்சு வெளுப்பாகவே தெரியும்.

அச்சகம் வைத்திருக்கும் அஜித் அண்ணன், மூன்று வருஷத்து பில்லைச் சாயங்காலத்துக்குள் அடித்துத் தருவதாகச் சொன்னார். அக்கா சிரித்தார்.

“நம்ம கூடத்துல ஒரு வாரம் கெடந்த காகிதம் எப்படி இருக்கும்னு தெரியாதாபா உனக்கு? மூணு வருஷத்து பில்லு சாயக் கறையே இல்லாம வெள்ளையா போனா, நம்ம இல்லன்னு நம்மளே எழுதிக் குடுத்த மாதிரி.”

ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்குப் போகிற நூலில் ஐந்து முடிச்சை அவிழ்த்து மூன்றாக்கியவன் நான். என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க நூலின் பின்னாலேயே சங்கத்துக்குப் போனேன். ஸ்டோர் பார்க்கும் திருஞானசம்பந்தம் ஐயா தடித்த பதிவேட்டைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம், தேதிக்கும் எங்கள் கம்பெனி பெயருக்கும் கூடம் இருக்கும் சாலையின் பெயருக்கும் பக்கத்தில், எங்கள் முடிச்சுக் கயிறுகள் தைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒத்துப் பார்த்தார், முடிச்சு ஒத்துவராததால் நூலைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா சங்கத்தில் அரை நாள் நின்று மன்னிப்புக் கேட்டார். தன் கண் மங்கித்தான் முடிச்சைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நம்பி, அந்த வாரமே மூக்குக் கண்ணாடியும் வாங்கினார்.

அஜித் அண்ணன் வந்துபோன மறுநாள் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“அப்ப இது?”

“தேவையே இல்லக்கா.”

“டாக்டரும் அதான் சொன்னாரு. நான்தான் கேக்காம வாங்கினேன்.” கண்ணாடியை மடக்கி இடுப்பில் செருகினார். பிறகு கேட்டார்: “அந்தப் புக்கு இன்னும் இருக்குதாடா?”

இருந்தது. ஜெராக்ஸ் எடுத்தால் முடிச்செல்லாம் நசுங்கிய சிலந்தி போல விழுந்தது. அதனால் சங்கத்தின் அனுமதியோடு ஐயாவே பதிவேட்டைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சென்னைக்கு வந்தார். அக்கா கோர்ட்டுக்கு மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வக்கீலம்மா போட்டிருக்கும்போது நாமும் போடலாம் என்றார். நீதிபதி ஒரு பக்கத்தைத் திருப்பி, முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். விதி கேட்கச் சொல்கிற கூடம் இதுதான், ஆகவே ஒப்புதலை எதிர்த்துக் கேட்க இந்தக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்றார். மானியம் செல்லுமா என்பதைப் பிறகு விசாரிக்கலாம், அதுவரை பணம் தர வேண்டாம், துறை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும் என்றும் சொன்னார். ஜெயித்துவிட்டோமா என்று கேட்டேன். இன்னும் இல்லை, பேச விட்டிருக்கிறார்கள் என்றார் அக்கா. அன்று சாயங்காலமே திரும்பி வந்து, அரைகுறையாக நின்ற அரக்கு நிறத்தை முடித்தார்.

பத்து நாள் கழித்து துறையிலிருந்து ஒருவர் வந்தார். வெளிர் நிற பேன்ட், கையில் தாள். கூடம் இருக்கிறதா, ஓடுகிறதா என்று எழுத வந்தவர், ஈரத் தரையில் வழுக்கிச் சாயத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சத்தியமாக இதில் என் கை இல்லை. அக்கா ஓடிவந்து தூக்கிவிட்டு, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். தேய்க்கச் சோப்பும் கொடுத்தார். பின்பக்கம் முழுக்க அரக்கு.

“போவுமாம்மா இது?” என்று கேட்டார் அவர், பாவம்.

“போவாது சார். நம்ம சாயம் போவாது,” என்றார் அக்கா, வருத்தமாகத்தான்.

அவர் தாளை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்: “சாயக்கூடம் இயங்குகிறது.”