வேளை தப்பி ஊதிய சங்கு

நைனாவின் வேலைச் சட்டையை எவ்வளவு சோப்புப் போட்டுக் கசக்கினாலும் அழுகிய முட்டை வாடை போகாது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த சாயக் கம்பெனியின் வாடை அது.

எழுபதுகளில் ஒருநாள், அங்கே தொட்டி கழுவ இறங்கியவர் விஷவாயுவில் மயங்கி விழ, நைனா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கி அவரைத் தூக்கி மேலே கொடுத்தார். ஆனால் விழுந்தவரின் உயிர் அதற்குள் போய்விட்டிருந்தது. நைனாவும் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, எப்படியோ பிழைத்து வந்தார்.

அதற்காகக் கம்பெனியில் பந்தல் போட்டு, மாலையும் மெடலும் போட்டார்கள். "இப்படி ஒரு வீரர் வீட்டுக்கு வீடு வேண்டும்" என்று மேனேஜர் மைக்கில் முழங்க, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா அடக்கமாட்டாமல், "எங்க ஊட்ல இவரு ஒருத்தருதாங்க கீறாரு" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கௌரவம் வந்தது, வீட்டில் நிம்மதி போயிற்று. கிணற்றில் கன்று விழுந்தாலும், எங்கேயாவது கூரை பற்றிக்கொண்டாலும் "மெடல்காரர்" வீட்டுக்குத்தான் ஆள் வரும்; அந்த மனுஷனும் சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடுவார். "ஒரு மெடலக் குத்தி உன்ன ஊருக்கே நேந்து உட்டுட்டானுங்கய்யா" என்று அம்மா பொருமுவாள்.

கம்பெனி ஊதலை நாங்கள் "சங்கு" என்போம். ஷிப்டுக்கு ஊதினால் கவலையில்லை. வேளை தப்பி ஊதினால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். நைனா லீவில் இருந்த ஒரு மதியம் அப்படி ஊதியது. அவர் சட்டையைத் தேடுவதற்குள் அம்மா வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "கதவத் தொறமே" என்று உள்ளிருந்து மெதுவாகக் கேட்டது. அவள் அசையவில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா தலைவிரிகோலமாய் ஓடிவந்தாள். "அக்கா, மாமாவ அனுப்புக்கா! இன்னிக்குத் தொட்டி வேல எங்க ஊட்டுக்காருக்குக்கா!"

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். அது இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து இழுத்தாள்.

நைனா ஓடிய பிறகு அவள் ஒரு நிலையில் இல்லை; தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே, மானம் மரியாதை பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். பொழுது சாயும் நேரத்தில் நைனாவும் அவர் இழுத்துவந்து காப்பாற்றிய கன்னியம்மாவின் கணவரும் இருமிக்கொண்டே நடந்து வந்தார்கள். இந்த முறை பந்தலும் இல்லை, மெடலும் இல்லை. பூட்டைத் திறந்தவளுக்கு யாரும் எதுவும் போடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

இப்போது அங்கே கம்பெனியும் இல்லை, சங்கும் இல்லை. ஏதோ கிடங்கு கட்டியிருக்கிறார்கள். நைனா நிறைந்த வயதில், வேப்பம்பட்டில் என் வீட்டுக் கட்டிலில், தூக்கத்திலேயே போனார். அம்மா சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அவளோ அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஊட்லயே, எங்கண்ணு முன்னாலயே போனாருடி. அது போதும்."